பூனை வைத்த மொய் விருந்து

மந்திக்குளத்துக்கு ஒரே ஒருநாள் புத்தி வந்து போனதாம். அன்றைக்குப் பார்த்து அடைக்கலம், வீரய்யன், நல்லம்மாள், சோமு நாலு பேரும் சந்தைக்குப் போயிருந்தார்கள்.

ஆனால் மனசு மட்டும் பொன். அதில் குறை சொன்னால் எனக்குத்தான் பாவம். ஊர்க் கிணற்றில் சாம்பல் நிறப் பூனை ஒன்று விழுந்து கத்தியபோது, புத்திசாலிகள் எல்லாரும் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அடைக்கலம்தான் உள்ளே குதித்தார். பூனை வாளியில் ஏறி மேலே வந்துவிட்டது. அடைக்கலம் வாளிக்குள் அடங்காததால், அவரை என்ன செய்வது என்று சாயங்காலம் வரை பேசினார்கள்.

பூனையின் பின்னங்கால் ஒடிந்திருந்தது. அடைக்கலம் பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். ஈரத் துண்டுக்குள் கிடந்து அது அவர் விரலை ஒருமுறை நக்கியது. அதோடு உலகத்தில் அவருக்கு வேறு சொந்தம் தேவைப்படவில்லை.

டவுனில் கால்நடை டாக்டரம்மா பார்த்துவிட்டு, காலுக்குள் கம்பி வைக்க வேண்டும், எட்டாயிரம் ஆகும், பத்து நாளைக்குள் வராவிட்டால் காலையே எடுக்க வேண்டியதுதான் என்றார். அடைக்கலம் அங்கேயே அழுதுவிட்டார். டாக்டரம்மாவுக்கும் பொறுக்கவில்லை.

"அழாதீங்கண்ணே. நாலு பேர்கிட்ட கேளுங்க, கிடைக்கும். அதுவரைக்கும் கால் அசையாமப் பாத்துக்கங்க."

யார் கால் என்று அவர் சொல்லாததால், எதற்கும் இருக்கட்டும் என்று அடைக்கலம் தன் காலையும் அசைக்கவில்லை. மற்ற மூவரும் அவரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

ஊருக்கு வந்து எண்ணிப் பார்த்தால் சரியாக நாலு பேர் இருந்தார்கள். வேலை சுலபமாகிவிட்டது. அடைக்கலம் வீரய்யனிடம் கேட்டார். வீரய்யன் நல்லம்மாளிடம் கேட்டார். நல்லம்மாள் சோமுவிடம் கேட்டார். சோமு அடைக்கலத்திடமே வந்து கேட்டார். முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை, அடுத்த ஆளைத்தான் பார்த்தார்கள். இப்படியே மூன்று நாள் போயிற்று.

நாலாம் நாள் நல்லம்மாள் மொய் விருந்து வைக்கலாம் என்றார். அந்தப் பக்கத்து வழக்கம் அது. பணமுடை வந்தவர் பந்தல் போட்டு ஊருக்குக் கறிசோறு போடுவார். சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். பிறகு அவர்கள் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பிச் செய்துவிட வேண்டும். செய்யாதவர் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

"விருந்து யாரு பேருல வைக்கிறது?" என்று கேட்டார் சோமு.

வீரய்யன் கண்ணை மூடி யோசித்தார். "ஒடிஞ்ச காலு யாருது?"

"பூனையோடது."

"அப்ப விருந்தும் பூனையோடதுதான்."

இதை மறுத்துப் பேச அங்கே யாருக்கும் படிப்பு போதவில்லை. பத்திரிகை அடிப்பவர் கிண்டலாகப் பூனையின் தகப்பனார் பெயரைக் கேட்டார். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்த சோமு, இரண்டு நாள் ஊரிலுள்ள கடுவன் பூனைகளின் முகச்சாடையைப் பார்த்துத் திரிந்தார்.

கறிசோறு என்றால் கூப்பிட்டது யார் என்று பார்க்கிற கெட்ட பழக்கம் மந்திக்குளத்தாருக்குக் கிடையாது. வந்தார்கள், தின்றார்கள், பூனைக்கு மொய் எழுதினார்கள். ஒன்பதாம் நாள் ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதத்தில் பூனை நாலு காலாலும் நடந்து வந்து அடைக்கலத்தின் மடியில் ஏறியபோது, அந்த மனிதர் சிரித்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

மறுவாரம் ஒரு பத்திரிகை வந்தது. அடுத்த தெருக்காரர் மொய் விருந்து வைக்கிறார், பூனை அவர்கள் குடும்பத்துடன் வந்து சிறப்பிக்க வேண்டுமாம். அடைக்கலம் பூனையின் காலைத் தடவிப் பார்த்தார். மொய் திரும்பப் போகாவிட்டால், அத்தனை பாடுபட்டுச் சரியாக்கிய காலோடு பூனை எந்த முகத்தை வைத்துக்கொண்டு தெருவில் நடக்கும்?

"போன தடவ அதுக்குப் பணம் எப்படி வந்துச்சு?" என்றார் வீரய்யன்.

"விருந்து வச்சதால," என்றார் நல்லம்மாள்.

"விருந்து ஏன் வச்சோம்?"

"கால் ஒடிஞ்சதால."

மூவரும் மெதுவாகப் பூனையைத் திரும்பிப் பார்த்தார்கள். அடைக்கலம் அதை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அது மேல கை வச்சீங்க, நான் மனுசனா இருக்க மாட்டேன். கால்தானே வேணும்? எங்கிட்ட ரெண்டு இருக்கு."

நேரே கிணற்றடிக்குப் போனார். போன தடவை பட்டது போதாதா? இந்த முறை மறக்காமல் முப்பது முழக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் குதித்தார். மேல்முனையை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாமே என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அதனால்தான் நீங்கள் மந்திக்குளத்தில் பிறக்கவில்லை.

ஒடிந்த காலுக்குக் கைராசியானவர் அந்த டாக்டரம்மாதான் என்று அவரை அங்கேயே தூக்கிப் போனார்கள். மேசை நிறையக் கிடந்த அடைக்கலத்தையும், அவர் வயிற்றின்மேல் உட்கார்ந்திருந்த பூனையையும் டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"போன தடவ நாலு பேர்கிட்ட கேக்கச் சொன்னாங்கள்ல?" என்று நினைவுபடுத்தினார் நல்லம்மாள்.

எண்ணினார்கள். அடைக்கலம் நோயாளி, கணக்கில் வரமாட்டார். மூன்று பேர்தான் தேறினார்கள். எல்லாரும் கலங்கிப்போன நேரத்தில், பூனையையும் சேர்த்தால் நாலு என்று கண்டுபிடித்தவர் சோமு. பூனை பத்திரிகையிலேயே பேர் போட்ட ஆளாயிற்றே.

வீரய்யன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பூனையிடம் பணிவாகக் கேட்டார்.

பூனை கொஞ்சம் யோசித்தது. பிறகு திரும்பி சோமுவைப் பார்த்தது.