மிளகிக்குப் போட்ட சுருக்குக் கயிறு

ஒரே ஒரு ஊர்ல, ராஜாவோட குதிரை லாயத்துல அரியநாச்சி, அரியநாச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ வளர்த்த குதிரைக்குட்டி மிளகி. உடம்பெல்லாம் மிளகு மிளகா புள்ளி, அதான் அந்தப் பேரு. ராஜா சொல்லிட்டாரு, மூணு நாள்ல திருவிழா, குட்டி தேருக்கு முன்னால நடக்கணும், நடக்கலைன்னா எண்ணெய்ச் செக்குல பூட்டிருவேன்னு. அரியநாச்சிக்குச் சோறு இறங்கல.

அவ என்ன பண்ணா, ஒரு சுருக்குக் கயிறு திரிச்சு குட்டி மூஞ்சியில மாட்டினா. குட்டி பின்னால இழுத்தா இறுகும், முன்னால வந்தா தளரும். மறுமுனையை அரியநாச்சி கையில பிடிச்சுக்கிட்டா. குட்டி ஒரு அடி வந்துச்சு, உடனே கயித்தைத் தளர விட்டா. இன்னொரு அடி வந்துச்சு, விட்டா. மூணாவது அடியும் வந்துச்சு, விட்டுட்டு கழுத்தைத் தடவிக் குடுத்தா. தண்ணி குடிக்கப் போனாக்கூட கயித்தைக் கழட்டிட்டுத்தான் போவா.

இதை எட்டிப் பார்த்தாரு லாயத்து அதிகாரி கனகராயரு. பெரிய மேதாவின்னு நினைப்பு. ஓஹோ, வித்தை பூரா கயித்துலதான் இருக்கு, பேரை நாம தட்டிக்கிட்டுப் போவோம்னு, அவ சாப்பிடப் போன நேரமாப் பார்த்து கயித்தைக் குட்டிக்கு மாட்டி, தூண்ல கட்டிப்புட்டு, ராஜாவைக் கூட்டியாரப் போனாரு. கூறு கெட்ட மனுசன். தூணுக்கு விடத் தெரியுமா? நீங்களே சொல்லுங்க.

குட்டி மிரண்டு இழுக்க, கயிறு இறுக, இறுக இறுக இன்னும் இழுக்க, அரியநாச்சி அலறிக்கிட்டு ஓடியாந்து, குட்டியை முன்னால தள்ளி, தளர்ந்ததும் கழட்டினா. அதுக்குள்ள ராஜா வந்துட்டாரு. குட்டி நடுங்கிக்கிட்டு நிக்குது. குட்டி சுத்த மக்கு, செக்குக்கே அனுப்பிரலாம்னாரு கனகராயரு. கயிறு பூ மாதிரி, வலிக்கவே வலிக்காதுன்னும் சொன்னாரு.

அரியநாச்சிக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "கயித்து மேல தப்பு இல்ல ராஜா. பிடிச்சவங்க விடணும். தூணு எங்கிட்டு விடும்?"

ராஜாவுக்கு எதையும் கண்ணால பார்த்தாத்தான் புரியும். "பூ மாதிரின்னீரே, நீரே மாட்டும்"னுட்டாரு.

அவரு மூஞ்சியில மாட்டி, அதே தூண்ல கட்டினாங்க. கனகராயரு வெடுக்குன்னு பின்னால இழுத்தாரு, மீசை மாட்டிக்கிச்சு. மறுபடி இழுத்தாரு, தலைப்பாகை விழுந்துச்சு. மூணாந்தரம் இழுத்தாரு, ஆடு மாதிரி 'மே'ன்னு ஒரு சத்தம். ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறாரு.

"ஒரு அடி முன்னால வாங்க ஐயா, தளர்ந்துரும்" அப்படின்னா அரியநாச்சி.

"நீ சொல்லி நான் வர்றதா?"ன்னு இன்னும் பின்னால இழுத்தாரு.

அதோட ராஜா செக்குப் பேச்சையே எடுக்கல. திருவிழா அன்னிக்கு மிளகி கயிறே இல்லாம அரியநாச்சி பின்னாலயே ஜம்முன்னு நடந்துச்சு. கனகராயரா? ஒரு அடி வந்தா போதும், வரலையே. இன்னும் அந்தத் தூண்லயேதான் இழுத்துக்கிட்டு நிக்கிறாராம். அவரு நின்னா நிக்கட்டும், கதை நடந்து முடிஞ்சுது, நீங்க காலை நீட்டிப் படுங்க.