பனிக்குக் காத்திருக்கும் அவரை

செடிகொடிகளுக்கும் பேச்சு இருந்த காலம் அது. யாராவது ஆசையாகக் கேட்டால் போதும், பூத்துவிடும்.

மலையடிவாரத்தில் சடைச்சி என்பவள் தன் குடிசை வாசலில் ஓர் அவரைக்கொடி வளர்த்தாள். கொடிக்கு இளகிய மனசு. சித்திரையில் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து, "பசிக்கிறது, பூக்கிறாயா?" என்றது. கொடி பூத்தது, வெயிலில் எல்லாம் கருகின. ஆடியில் தேனீக்கள் கேட்டன. பூத்ததைக் காற்று உதிர்த்துவிட்டது. ஐப்பசியில் பக்கத்துக் குடிசைப் பிள்ளைகளுக்காகப் பூத்ததை மழை அடித்துக்கொண்டு போனது.

தை பிறந்தபோது கொடியில் தெம்பே இல்லை. ஒரே ஒரு காய், அதில் மூன்று விதை. சடைச்சி அப்போது நிறைமாதம். வீட்டில் வேறெதுவும் இல்லை.

"பறித்துச் சமைத்துக்கொள் அக்கா. உன்னைப் பட்டினி போட்டுவிட்டேனே" என்றது கொடி.

"நீ வாடிப்போய்விடுவாய். இதையும் தின்றுவிட்டால் உன்னை எங்கே போய்ப் பார்ப்பேன்?" என்றாள் சடைச்சி. காட்டுக்கிழங்கு தோண்டித் தின்று நாளைக் கடத்தினாள்.

வாடுவதற்கு முன் கொடி தன் விதைகளிடம் சொன்னது: "பகல் எவ்வளவு நீளம் என்று உங்கள் இலைகள் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். பகல் குறுகிப் பனி இறங்கும்போது, அவை கொடியின் நுனிக்குச் சேதி சொல்லட்டும். அதன் பிறகே பூக்க வேண்டும். சடைச்சி அக்காவே கேட்டாலும் அவசரப்படாதீர்கள்."

ஆடியில் சடைச்சி அவற்றை விதைத்தாள். மூன்றில் ஒன்று முளைத்துப் பந்தலை மூடியது. பூ மட்டும் இல்லை. புரட்டாசியில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பிள்ளைக்கு ஊட்ட ஒன்றுமில்லை. கொஞ்சம் பூத்தால் என்ன?"

"இன்னும் நாள் வரவில்லை அக்கா. அம்மா சொல்லியிருக்கிறாள்."

சடைச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அரிவாளை எடுத்து வந்து அடித்தண்டில் வைத்தாள். கொடி நடுங்கியது. பூக்கவில்லை.

"வெட்டினாலும் மாட்டாயா?"

"இப்போது பூத்தால் மழையில் போய்விடும். பிள்ளைக்கு ஒரு காய்கூடக் கிடைக்காது."

சடைச்சி அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, தண்டைத் தடவிக் கொடுத்தாள்.

மார்கழியில் ஒருநாள் காலை பந்தல் முழுக்க ஊதாப் பூ. மழையும் இல்லை, காற்றும் இல்லை. தையில் கொத்துக்கொத்தாய்க் காய் தொங்கியது. வெந்த விதையை நசுக்கி ஊட்டினாள். மகள் இன்னும் கேட்டு வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து நாட்டு அவரையை முன்னே பின்னே விதைத்தாலும், அது பனிக்காலம் பார்த்துத்தான் பூக்கிறது. தாய் சொன்னது விதைக்குள்ளேயே இருக்கிறது.