ஊஞ்சல் கட்டிய நீர்நாய்

மலையடிக் காட்டில் ஒரு மடு இருந்தது. கோடையில் மற்ற ஓடைகள் எல்லாம் காய்ந்தாலும் அது காயாது. அதன் அடியில் ஊற்றுக்கண் ஒன்று உண்டு. அந்த மடுவைப் பார்த்துக்கொண்டது வெள்ளச்சி என்ற நீர்நாய்.

மடுவின் ஓரத்தில் ஈர மணல் திட்டு. காட்டுக் குட்டிகளெல்லாம் பகலில் அங்கேதான் கிடக்கும். நகத்தால் மணலைக் கீறி இஷ்டத்துக்குப் படம் வரையும். ஒன்று தன் அப்பாவின் தொப்பையை வரையும். இன்னொன்று சித்தப்பாவின் ஒற்றைக் கொம்பை வரையும். எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

வெயில் தாழ்ந்ததும் ஊற்று பொங்கும். தண்ணீர் திட்டின் மேல் ஏறி எல்லாப் படத்தையும் அழித்துவிடும். விடியலில் பெரியவர்கள் தண்ணீர் குடிக்க வரும்போது மணல் சுத்தமாக இருக்கும். கேலி செய்ததும் தெரியாது, அடியும் விழாது. இதைவிடக் குட்டிகளுக்கு என்ன வேண்டும்?

ஆனால் வெள்ளச்சி சும்மா கொடுக்கிற ரகம் இல்லை. விளையாடிய குட்டி வீட்டுக்குப் போகுமுன் ஊற்றுக்கண்ணில் சேர்ந்த சேற்றில் ஒரு பிடி அள்ளிக் கரையில் போட வேண்டும். மலையிலிருந்து மண் இறங்கிக்கொண்டே இருக்கும். அள்ளாவிட்டால் ஊற்று தூர்ந்துபோகும். ஊற்று தூர்ந்தால் கோடையில் காட்டுக்கே தண்ணீர் இல்லை.

மடுவுக்கு எதிரே ஒரு நாவல் மரம். அதில் தாண்டவன் என்ற குரங்கு கொடிகளைப் பிணைத்து ஊஞ்சல் கட்டி வைத்திருந்தது. அருமையான ஊஞ்சல்தான். ஆட ஆள்தான் குறைவு.

"நான் குட்டிக்கரணம் போடுகிறேன், பார்க்க ஒரு நாதி இல்லை. அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?" என்று தாண்டவன் ஆள்காட்டிக் குருவியிடம் கேட்டது.

"படம் வரைகிறார்கள் அண்ணே. சாயங்காலம் தானாக அழிந்துவிடும்."

"பூ, இவ்வளவுதானா!"

தாண்டவன் மரத்தடியில் புழுதியைப் பரப்பியது. "வாங்கடா பிள்ளைகளா! இங்கேயும் வரையலாம். சாயங்காலம் என் வாலால் கூட்டிவிடுகிறேன். சேறு அள்ள வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஊஞ்சல் வேறு கொசுறு!"

சும்மா என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? பாதிக் குட்டிகள் நாவல் மரத்தடிக்கு ஓடின.

வெள்ளச்சிக்கு மீசை துடித்தது. நேரே போய் மரத்தடியில் நின்றது. "என் சரக்கை எடுத்து என் கண்ணெதிரிலேயே கடை போட்டிருக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை?"

"மணல் உன் பாட்டன் சொத்தா? இது புழுதி தங்கச்சி. வேறு சரக்கு" என்றது தாண்டவன், வாலை ஆட்டிக்கொண்டே.

கோபம் வருவதில் தப்பில்லை. கோபத்தோடு போய் என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம். வெள்ளச்சி ஊற்றைப் பார்க்கப் போகவில்லை. ஆள்காட்டியைக் கூப்பிட்டது.

"அங்கே எதற்கு அதிகக் கூட்டம்?"

"ஊஞ்சலுக்கு அக்கா. அப்புறம், அங்கே சேறு அள்ளச் சொல்வதில்லை. குட்டிகளுக்கு அது பெரிய நிம்மதி."

இந்த ஆள்காட்டி மடுவில் சேதி சொல்லி ஒரு புழு வாங்கும். மரத்தடியில் சேதி சொல்லி இன்னொரு புழு வாங்கும். சண்டை நின்றால் அதற்குப் பட்டினி. அப்படிப்பட்டவனிடம் யோசனை கேட்டால் எப்படி உருப்படும்?

வெள்ளச்சி மடுவின் மேல் சாய்ந்திருந்த மருதமரக் கிளையில் ஊஞ்சல் கட்டியது. "இனி இங்கே யாரும் சேறு அள்ள வேண்டாம்!" என்று அறிவித்தது.

குட்டிகள் திரும்பி வந்தன. ஊஞ்சலில் ஆடித் தண்ணீரில் குதித்தன. குதித்த வேகத்தில் கரை சரிந்து ஊற்றுக்கண்ணின் மேல் விழுந்தது. வெள்ளச்சி குட்டிகளின் தலையைத்தான் பார்த்தது. தண்ணீரின் அடியைப் பார்க்கவில்லை.

தாண்டவன் சும்மா இருக்குமா? மடுவின் சரிந்த கரையில் குட்டிகள் சறுக்குவதைப் பார்த்து அதுவும் ஒரு சறுக்குமேடு போட்டது. அதிக உயரம் ஆடுகிறவர் பெயரைக் கூவ ஒரு மைனாவையும் அமர்த்தியது. உடனே வெள்ளச்சி பெயர் கூவத் தவளைகளை அமர்த்தியது. இது ஒன்று செய்தால் அது மறுநாளே செய்தது. வால் மயிர் தேய்ந்து தாண்டவன் எலிவால் குரங்கானது. குட்டிகளைக் கூப்பிட்டுக் கத்திக் கத்தி வெள்ளச்சிக்குத் தொண்டை கட்டியது.

ஒரு நாள் முயல்குட்டி ஊஞ்சலிலிருந்து இறங்கி வெள்ளச்சியை நிமிர்ந்து பார்த்தது.

"அத்தை, இது உங்கள் இடமா, தாண்டவன் மாமா இடமா?"

வெள்ளச்சிக்குச் சுருக்கென்றது.

அன்று வெயில் தாழ்ந்தது. குட்டிகள் வழக்கம்போல் வீட்டுக்குப் போயின. ஊற்று பொங்கவில்லை. மணலில் வரைந்த படங்கள் அப்படியே கிடந்தன.

விடியலில் கரடியம்மாள் தண்ணீர் குடிக்க வந்தாள். மணலைப் பார்த்தாள். "யாருடைய படம் இது, பிட்டத்தை இவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறது?"

பக்கத்தில் நின்ற மிளா மான் எட்டிப் பார்த்தது. "ஜாடை உன்னைப் போலத்தான் இருக்கிறது."

"என் பிள்ளை கைதான் இது! வீட்டுக்கு வரட்டும்!"

"அதோ, உன்னையும் போட்டிருக்கிறார்கள்" என்றது காட்டுப்பன்றி மிளாவிடம். மிளா படத்திலிருந்த நீளக் கழுத்தையும் தன் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

காடே சிரித்தது, காடே சண்டை போட்டது. வெள்ளச்சி மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் ஏன் ஏறவில்லை? மூச்சைப் பிடித்து மடுவில் இறங்கியது. அடியில் கைவிட்டுத் தடவியது. ஊற்றுக்கண் இருந்த இடத்தில் சேறு கெட்டிப்பட்டிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் நூல்போலத் தண்ணீர் கசிந்தது. கோடை இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை.

வெள்ளச்சி மேலே வந்தது. மருதமரத்தில் ஏறி ஊஞ்சல் கொடியைக் கடித்து அறுத்தது.

"அக்கா, என்ன செய்கிறீர்கள்? கூட்டம் போய்விடும்!" என்று ஆள்காட்டி அலறியது.

"போகட்டும்."

"தாண்டவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். நீயும் கிளம்பு. இனி இங்கே உனக்குப் புழு இல்லை."

வெள்ளச்சி தவளைகளையும் அனுப்பிவிட்டுத் தோண்டத் தொடங்கியது. குட்டிகள் வந்து பார்த்தன. ஊஞ்சல் இல்லை. சேறு அள்ளவும் சொல்வார்கள் போலிருக்கிறது. எல்லாம் நாவல் மரத்தடிக்கு ஓடின. தாண்டவன் கிளையில் நின்று கை தட்டியது. "வாங்க, வாங்க! அத்தை கடையை மூடிவிட்டாள்!"

வெள்ளச்சி திரும்பிப் பார்க்கவில்லை. நகம் பிய்ந்தது. தோண்டியது. அள்ளிய சேறு சரிந்து மறுபடி விழுந்தது. மறுபடி அள்ளியது. வெயில் ஏற ஏற மடு வற்றி முழங்கால் அளவு குழம்பாகியது.

உச்சி வெயிலில் குட்டிகளுக்கு நாக்கு வறண்டது. புழுதி வேறு தொண்டையில் அப்பிக்கொண்டது. எல்லாம் மடுவுக்கு ஓடிவந்தன.

"அத்தை, தண்ணீர்!"

"இல்லை. தோண்டினால் வரும்."

"மாமா எங்களை வேலை செய்யவே சொல்வதில்லையே" என்றது நரிக்குட்டி.

"அப்படியானால் மாமாவிடமே போய்க் குடி."

நரிக்குட்டி நாவல் மரத்தைப் பார்த்தது. அங்கே ஊஞ்சல் இருந்தது, சறுக்குமேடு இருந்தது, மைனா இருந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லை. அது சேற்றில் இறங்கியது. மற்றவையும் இறங்கின. பிள்ளைகளைத் தேடி வந்த கரடியம்மாள் கோபத்தை ஒத்திவைத்துவிட்டு நகத்தை நீட்டினாள்.

கடைசியில் தாண்டவனும் வந்து சேர்ந்தது. "தங்கச்சி, தொண்டை காய்கிறது. ஒரு வாய் கொடு."

"சேறு அள்ளு."

"நானா? நான் என்ன குட்டியா?"

"குட்டிக்கு ஒரு பிடி. உன் உடம்புக்கு நாலு பிடி."

"அநியாயம்! இரண்டு."

"ஐந்து."

"என்ன, ஏற்றிக்கொண்டே போகிறாய்?"

"பேசப் பேச ஏறும். தண்ணீர் என்னிடம் இருக்கிறது, தாகம் உன்னிடம் இருக்கிறது. எட்டு வேண்டுமா?"

தாண்டவன் வாயை மூடிக்கொண்டு குனிந்தது. அது சேற்றை அள்ளிக்கொண்டிருந்தபோதே அடியில் குளுகுளுவென்று சத்தம் கேட்டது. கலங்கல் பிளந்து தண்ணீர் பீறிட்டது. குட்டிகள் கத்திக்கொண்டு கரைக்குத் தாவின. வெள்ளச்சி மட்டும் நடுவிலேயே நின்றது. தண்ணீர் அதன் கழுத்துவரை ஏறியது.

எதிர்க் கடைக்காரன் செய்வதையெல்லாம் பார்த்துச் செய்கிறவன் தன் கடையை வாழவைக்கிற ஊற்றைத் தானே தூர்த்துவிடுவான்.