கறுத்த நாக்கும் சிவப்புத் தலைப்பாகையும்

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டை விடங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், சாயங்காலம் இன்னொன்று போடுவான். அப்படிப்பட்டவனின் கோட்டைக்குள் நீலக்காய்ச்சல் புகுந்தது.

அரண்மனை வைத்தியர் பிறைசூடர் ஒரு வேர்ச்சாறு கொண்டுவந்தார். "மகாராஜா, நாக்கில் ஒரு சொட்டு போதும். நோய் உள்ளே இருந்தால் காய்ச்சலுக்கு முன்பே நாக்கு கறுத்துவிடும். இந்தச் சோதனையில் ஒரு நோயாளிகூடத் தப்ப முடியாது. நோயில்லாதவர்களிலும் பத்தில் ஒருவருக்குக் கறுக்கும். அது கிடக்கட்டும்!"

"நாக்கு கறுத்தவர்களை ஆற்றுத்தீவில் தள்ளுங்கள்!" என்றான் ராஜா. படகுகள் போயின. தாயைப் பிரிந்த பிள்ளைகள் கரையில் நின்று கதறின.

மந்திரி அறவாழி எதிர்த்துப் பேசினார். அவர்மேல் வெகுநாள் பொறாமை கொண்டிருந்த பிறைசூடர், "முதலில் மந்திரியாரின் நாக்கைப் பார்ப்போமே" என்றார். சொட்டு விழுந்தது. நாக்கு மைபோலக் கறுத்தது.

"போச்சு! பத்துக்கு ஒன்பது பங்கு உமக்கு நோய்தான்" என்றான் ராஜா.

அறவாழி சிரித்தார். "நோய் இல்லையென்று நான் சொல்லவில்லை, மகாராஜா. ஆனால் உங்கள் கணக்கு தப்பு. ஆயிரம் வீரர்களைக் கூப்பிடுங்கள், காட்டுகிறேன்."

வீரர்கள் மைதானத்தில் நின்றார்கள்.

"வைத்தியரே, ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வருகிறது?"

"பத்துப் பேருக்கு."

பத்து வீரர்கள் சிவப்புத் தலைப்பாகை கட்டினார்கள். மற்றவர்களுக்கு வெள்ளை.

"நாக்கு கறுப்பவர்கள் முன்னே வரட்டும். சிவப்பு பத்தும் வரும். வெள்ளையில் பத்துக்கு ஒருவர் வாருங்கள்."

தொண்ணூற்றொன்பது வெள்ளைகள் முன்னே வந்து சிவப்போடு கலந்தன.

"மகாராஜா, கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைத் தொடுங்கள்."

ராஜா தொட்டான். வெள்ளை. மறுபடி தொட்டான். வெள்ளை. பலமுறை தொட்டபின்தான் ஒரு சிவப்பு அகப்பட்டது.

"நாக்கு கறுத்தவர்களில் பத்துக்கு ஒருவர்கூட நோயாளி இல்லை. மற்றவர்களை வீணாகத் தீவில் தள்ளியிருக்கிறோம்" என்றார் அறவாழி.

ராஜாவின் முகம் தொங்கிப்போனது. வைத்தியர் பக்கம் திரும்பினான். "நீர் நாக்கை நீட்டும். கறுத்தால் தீவு."

பிறைசூடர் தடாலென்று காலில் விழுந்தார். "வேண்டாம் மகாராஜா! எனக்கு ஒரு நோயும் இல்லை!"

"தீவுக்குப் போனவர்களும் இதைத்தானே சொன்னார்கள்?"

தீவில் இருந்தவர்களை அழைத்துவர அன்றே படகுகள் திரும்பிப் போயின. நாக்கு கறுத்தவர்கள் தோட்ட மாளிகையில் நல்ல சாப்பாட்டோடு தங்கட்டும், காய்ச்சல் கண்டவருக்கு மட்டும் வைத்தியம் என்று ஆணை பிறந்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அறவாழியின் கழுத்தில் போட்டான். மந்திரி மாலையோடு தானே முதல் ஆளாக மாளிகைக்குள் போனார். காய்ச்சல் அவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் படகில் மருந்துப்பெட்டியோடு பிறைசூடர் அனுப்பப்பட்டார். தீவிலிருந்து வந்த ஒவ்வொருவரையும் படகிலிருந்து கைபிடித்து இறக்கிவிட்டபின் கடைசியாக அவர் கரையேறினார்.