எல்லைக்கல் சாப்பிடப் போன கதை

கோணையாறு மேலச்சீமையில் பிறந்து, வெள்ளந்திப்பட்டி வழியாகக் கடலுக்குப் போவதாகப் பேச்சு. அந்தப் பஞ்ச வருஷத்தில் அது எங்கேயும் போகவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மேலச்சீமைக்காரர்கள் அணையைக் கட்டி, மதகை இழுத்து மூடி, இருந்த தண்ணீரையெல்லாம் தங்களிடமே நிறுத்திக்கொண்டார்கள்.

வெள்ளந்திப்பட்டி ஜனங்கள் ரொம்ப நல்லவர்கள். சொன்ன சொல்லை அப்படியே செய்வார்கள். அவர்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

ஊருக்கு மேற்கே ஆற்றுக்குள் ஆளுயரத்தில் ஒரு கல் நின்றது. கல்லுக்கு மேற்கே மேலச்சீமை, கிழக்கே நம் ராஜாவின் சீமை. கல்லின் நடுவில் ஒரு மீன் செதுக்கியிருக்கும். தண்ணீர் மீனுக்குக் கீழே இறங்கினால் மேலச்சீமைக்காரர்கள் மதகைத் திறக்க வேண்டும். மீனைத் தொட்டதும் மூடிக்கொள்ளலாம். இரண்டு ராஜாக்கள் எப்போதோ சண்டை போட்டு, மூச்சு வாங்கியபோது எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இது.

செவந்தான் ஊருக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி. கல்லுக்குக் கிழக்கே எத்தனை மதகு உண்டோ அத்தனையையும் விடிந்ததும் திறந்து, வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுவது அவன் வேலை. ஊரார் விதைநெல் மொத்தத்தையும் அவன் நாற்றங்காலில்தான் விதைத்திருந்தார்கள். நாற்றின் நுனி மஞ்சளித்துவிட்டது. நாலு நாளில் தண்ணீர் வராவிட்டால் எல்லாம் கருகிவிடும். மறுபடி விதைக்க ஊரில் ஒரு பிடி நெல் கிடையாது. செவந்தானுக்குச் சோறு இறங்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து, "கொஞ்சம் பொறுத்துக்கங்க சாமிகளா" என்று நாற்றுகளிடம் கெஞ்சுவான்.

மூன்று தடவை அணை மணியக்காரரிடம் ஆள் போய்விட்டு வந்தது. மூன்று தடவையும் அவர் வெற்றிலையை மென்றபடி ஒரே பதிலைத்தான் சொன்னார்: "மனு போடுங்க, பேசிப் பாக்கலாம்."

நாட்டாமை மாசாணத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "இனிமே பேச்சே கிடையாது. செவந்தான், நீ ஆறு பேரைக் கூட்டிட்டுப் போ. கல்லுல தண்ணி எங்கே நிக்குதுன்னு அந்த ஆளு கண்ணால பாக்கணும். பாக்க வச்சிட்டுத்தான் திரும்பணும்!"

ஆற்றங்கரையில் ஏழு பேரும் கூடி யோசித்தார்கள்.

"அவரு பாக்கணும்னா ஒண்ணு அவரு இங்கே வரணும், இல்லே கல்லு அங்கே போகணும்" என்றான் ஒருவன்.

"அவரு தொப்பையைத் தூக்கிட்டு வர்றதைவிடக் கல்லைத் தூக்கிட்டுப் போறது லேசு" என்றான் செவந்தான். எல்லோருக்கும் அது சரியென்று பட்டது.

தண்ணீர் நின்ற இடத்தில் மஞ்சள் பூசி அடையாளம் வைத்து, கல்லைப் பெயர்த்தார்கள். அப்புறம்தான் நாட்டாமைக்கு ஒரு கவலை வந்தது. "ஏன்டா, கல்லு இல்லாட்டி எல்லை எங்கே நிக்கும்?"

ஊரில் கல்லின் உயரத்துக்குச் சரியாக இருந்தவன் ஒச்சப்பன். அவனைக் கல் இருந்த குழியில் நிறுத்தி, தொப்புளுக்கு மேலே கரியால் ஒரு மீன் வரைந்தார்கள். நாட்டாமை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கல்லு திரும்பி வர்ற வரைக்கும் ஒச்சப்பன்தான் கல்லு!"

"மூக்கு அரிச்சா சொறிஞ்சுக்கலாமா?" என்று கேட்டான் கல்.

"ஒரு கையால சொறிஞ்சுக்க."

ஏழு பேரும் கல்லைக் கட்டித் தூக்கிக்கொண்டு, பகல் முழுக்க நடந்து, பொழுது சாய்வதற்குள் அணைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மணியக்காரர் கல்லைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார், ஏழு பேரையும் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அடடா, தண்ணி மீனைத் தொடலையே! இருங்க, இப்பவே தொட வைக்கிறேன்" என்றவர், தன் ஆட்களை ஏவி, அணைக்கு உள்ளே, நீர் தேங்கி நின்ற பக்கம் அந்தக் கல்லை ஆழமாக நட்டார். தண்ணீர் மீனை முழுக்கவே முக்கிவிட்டது. "பாத்தீங்களா? உங்க பங்கு வந்தாச்சு. போயிட்டு வாங்க."

ஏழு பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நல்ல மனுஷன், கேட்டதும் கொடுத்துவிட்டார் என்று பேசிக்கொண்டே அணையோரம் படுத்துத் தூங்கினார்கள்.

விடிந்தது. செவந்தான் எழுந்தான், முகம் கழுவினான், கல்லைப் பார்த்தான். அப்புறம் அதற்குக் கிழக்கே இருந்த அணை மதகைப் பார்த்தான். அவன் முகம் வாடிவிட்டது.

"இவ்வளவு பெரிய மதகும் என் தலையிலதான் விடிஞ்சிருக்கா?" என்று முணுமுணுத்தபடி, ஆறு பேரையும் கைகொடுக்கச் சொல்லி, மதகை முழுசாகத் திறந்துவிட்டான்.

மணியக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "அடப்பாவி! என் அணைடா அது!"

"கல்லுக்குக் கிழக்கே எல்லா மதகும் நான்தானுங்க திறக்கணும்" என்றான் செவந்தான், வருத்தத்தோடு. "கல்லைக் கொஞ்சம் கிழக்கே தள்ளி நட்டிருந்தா எனக்கும் வேலை குறைஞ்சிருக்கும். நீங்கதான் நட்டீங்க."

கல்லுக்குக் கிழக்கே உள்ள மதகை மூட ராஜா உத்தரவு வேண்டுமே என்று மணியக்காரர் தம் ராஜாவுக்கு ஓலை எழுத உட்கார்ந்தார். முதல் வரியிலேயே கல்லை நட்டது யார் என்று சொல்ல வேண்டியிருந்ததால், கடைசிவரை அதை எழுதி முடிக்கவே இல்லை.

செவந்தான் ஊர் திரும்பியபோது ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர், நாற்றங்காலில் தண்ணீர். நாற்றுகள் தலை நிமிர்ந்து நின்றன. செவந்தான் வரப்பில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். அவ்வளவு சந்தோஷம் அவன் வாழ்நாளில் கண்டதில்லை.

ஆற்றுக்குள் கழுத்தளவு தண்ணீரில் ஒச்சப்பன் அசையாமல் நின்றான். கரிமீனை வெள்ளம் கொண்டுபோயிருந்தது.

"கல்லு இன்னும் வரலையே, அப்ப நான்தானே கல்லு?" என்றான். "ஆனா பசி தாங்கலே. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரட்டுமா?"

நாட்டாமை கண்ணை மூடி யோசித்தார். "கல்லு சாப்பிடுமா?"

"பட்டினி கிடந்தா சாஞ்சிருமே, நாட்டாமை" என்றான் கல்.

சாய்ந்த எல்லை ஊருக்கு ஆகாது என்று முடிவாகி, கல்லுக்கு அனுமதி கிடைத்தது. ஒச்சப்பன் ஈரத்தோடு நடந்து, ஊரின் கிழக்குக் கோடியில் இருந்த தன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தான்.

செவந்தானுக்கு மட்டும் சட்டென்று உறைத்தது. கல் கிழக்குக் கோடியில் இருக்கிறது. அவன் நாற்றங்கால் கல்லுக்கு மேற்கே இருக்கிறது. எழுந்து ஓடினான், மண்வெட்டியால் மண்ணை வெட்டிப் போட்டு, தன் நாற்றங்காலுக்குப் போன தண்ணீரைத் தானே அடைத்தான்.

அவன் பெண்டாட்டி பூவாயி தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "பாவி மனுஷா! நாத்து இப்பத்தானே உசிர் பிடிச்சுது?"

"சத்தம் போடாதடி. இப்ப அது மேலச்சீமை நாத்து. நம்ம ராஜா தண்ணிய அதுக்கு விட முடியுமா?"

"ஒச்சப்பன் வீட்டுல ரெண்டாவது தடவை சோறு போடுறாங்கய்யா! அவன் எப்ப எந்திரிச்சு ஆத்துக்கு வர்றது?"

செவந்தானின் கண் கலங்கியது. ஆனாலும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, விறைப்பாக நின்று, நாற்றுகளைப் பார்த்துச் சொன்னான்:

"மனு போடுங்க, பேசிப் பாக்கலாம்."