நெட்டூருக்குப் போன சொக்கப்பனை

மடுவங்குளத்துக்கும் நெட்டூருக்கும் சேர்த்து ஒரே ஒரு முருகன். கார்த்திகைத் திருநாளில் சொக்கப்பனை எந்த ஊர் மண்ணில் எரிகிறதோ, அந்த ஊரில்தான் அவர் அடுத்த கார்த்திகை வரை குடியிருப்பார். பனை நடுகிற வேலை மடுவங்குளத்துடையது. அதனால் முருகன் அந்த ஊரை விட்டுப் போனதே இல்லை.

அந்த வருடமும் கோயில் வாசலில் இளம்பனை ஒன்றை நட்டு, காய்ந்த ஓலைகளைச் சுற்றிக் கட்டினார்கள். விடுவதற்கு வைத்திருந்த வாணங்களைப் பக்கத்தில் அடுக்கினார்கள். காவலுக்குக் கொழுந்தப்பன், பிச்சாண்டி, தவசிமுத்து என்ற மூவரும் நின்றார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை.

"பனைப் பக்கம் நெருப்பே வரக்கூடாது. இந்த வாணமெல்லாம் நமத்துப் போகக்கூடாது. இவ்வளவுதான் உங்க வேலை" என்று சொல்லிவிட்டுத் தர்மகர்த்தா அம்பலவாணன் ஊர்வலத்துக்குப் புறப்பட்டார்.

லேசாகத் தூறியது.

"அண்ணே, ஊரிலேயே ஈரமில்லாத இடம் எது?" என்று கேட்டான் பிச்சாண்டி.

கொழுந்தப்பன் கண்ணை மூடி யோசித்தான். "பனைதான். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை."

"நெருப்பு வராத இடமும் அதுதானே!" என்றான் தவசிமுத்து.

வாணங்கள் முழுவதையும் ஓலைக்குள் செருகினார்கள்.

பொழுது சாய்ந்தது. வீட்டுக்கு வீடு அகல்விளக்கு ஏற்றினார்கள். பக்கம் என்றால் எவ்வளவு தூரம் என்று மூவரும் வாதாடினார்கள். முடிவு எட்டாததால், எதற்கும் இருக்கட்டும் என்று ஊர் முழுக்க விளக்குகளை ஊதி அணைத்தார்கள். பெண்கள் திட்டியதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு மேளம் கேட்டது. நெட்டூரைச் சுற்றிவிட்டு, தீவட்டிகள் புடைசூழ முருகன் வந்தார். மூவரும் அவரைக் கும்பிட்டார்கள். கும்பிட்டு முடித்ததும் தீவட்டிகள் மேல் தண்ணீர்க் குடங்களைக் கவிழ்த்தார்கள்.

"அடப் பாவிகளா!" என்று இருட்டில் தர்மகர்த்தாவின் குரல் கேட்டது. அவர் மடியிலிருந்த தீப்பெட்டியும் நனைந்துவிட்டது.

"நெருப்பு வரக்கூடாதுன்னு நீங்கதானேய்யா சொன்னீங்க?"

"சுவாமி வர்ற வரைக்கும்தான்டா! இப்ப பனை எரியலன்னா முருகன் நமக்கு இல்லை!"

"எரியணும்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றான் தவசிமுத்து வருத்தத்தோடு.

தர்மகர்த்தா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஊர் எல்லைக் கல்லுக்கு அப்பால், நெட்டூர்ப் பொரிக்கடையில் மட்டும் அடுப்பு எரிவது தெரிந்தது.

"ஓடிப்போய்க் கொள்ளி கொண்டு வரவா?" என்றான் பிச்சாண்டி.

"பனைப் பக்கம் நெருப்பு வரக்கூடாதுடா" என்று கண்டித்தான் கொழுந்தப்பன்.

தவசிமுத்து நாடியைத் தடவினான். "நெருப்புதானே பனைகிட்ட வரக்கூடாது? பனை நெருப்புகிட்டப் போகலாமில்ல?"

யாரும் அதைத் தடுத்துச் சொல்லியிருக்கவில்லை. தர்மகர்த்தா தலை நிமிர்ந்தபோது எதிரே குழி மட்டும் இருந்தது.

பொரிக்கடை வாசலில் பனை நன்றாகவே எரிந்தது. ஓலைக்குள் இருந்த வாணங்கள் எட்டுத் திசையிலும் சீறின. ஒன்று பொரிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. இப்படி ஒரு வாணவேடிக்கையைப் பார்த்ததே இல்லை என்று நெட்டூர்க்காரர்கள் கைதட்டினார்கள். கைதட்டி முடித்ததும் முருகனைத் தங்கள் ஊருக்குத் தூக்கிப் போனார்கள்.

"போச்சு! இனி முருகன் நெட்டூர்க்காரங்களுக்குத்தான்" என்று தர்மகர்த்தா கண்ணைத் துடைத்தபடி வீட்டுக்குப் போய்ப் படுத்தார்.

மூவருக்கும் மனசு கேட்கவில்லை. எல்லைக் கல்லருகே நின்று யோசித்தார்கள்.

"நெட்டூர்க்காரங்களுக்குத்தானே முருகன்?" என்றான் கொழுந்தப்பன்.

"ஆமாண்ணே."

"அப்ப நாம நெட்டூர்க்காரங்களாயிட்டா?"

மறுநாள் காலையில் தர்மகர்த்தா கதவைத் திறந்தார். ஊரின் மறுகோடியில், கடைசியாக இருக்கும் அவர் வீட்டு வாசலில் எல்லைக் கல் நட்டிருந்தது. பக்கத்தில் மூவரும் மண்ணில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கவலையை விடுங்கய்யா. கோயில், குளம், வீடு, வாசல் எல்லாத்தையும் நெட்டூர்ல சேர்த்தாச்சு" என்றான் கொழுந்தப்பன்.

"என் வீடு?"

மூவரும் தோளைத் தேய்த்துக்கொண்டார்கள்.

"கல்லு ரொம்பக் கனம்யா, இதுக்கு மேல தூக்க முடியல" என்றான் பிச்சாண்டி. "அதனால என்ன? மடுவங்குளத்துக்கும் ஒரு ஆள் வேணுமில்ல?"