அவர் பங்குச் சிப்பி

கடலோர மடத்தின் தலைவி உலகம்மாள். அவருடைய சீடர் மாணிக்கவேலுவுக்கு அவரைவிட வயது அதிகம். சீடருக்கு அதில் வருத்தமில்லை. ஊரார்தான் பேசிப் பேசி மாய்ந்தார்கள்.

அக்கரை நாட்டில் சண்டை. உயிர் பிழைக்க ஓடிவந்தவர்களின் தோணியொன்று அன்று காலை கரைக்கு அருகில் கவிழ்ந்தது. நீந்தியும் மிதந்தும் ஆளுக்கொரு பக்கமாகக் கரை ஏறினார்கள். யாருக்கு யார் என்று தெரியாத கூட்டம்.

"போய் எண்ணிட்டு வாங்க ஐயா" என்றார் உலகம்மாள்.

"நொந்து வந்திருக்காங்க. ஆட்டு மந்தையா அம்மா, எண்ணுறதுக்கு? சோறு போட்டாப் போதாதா?"

"சோறும் போடுவோம். எண்ணவும் எண்ணுவோம்."

ஆட்களை விரல் நீட்டி எண்ணினால் கண் பட்டுவிடும் என்பது இரு கரையிலும் உள்ள நம்பிக்கை. அதனால் அக்கரையில் ஏறும்போதே ஆளுக்கொரு புளியங்கொட்டையைத் தோணிக்காரர் மடியில் முடிந்துகொள்வார். இக்கரையில் இறங்கியவர்கள் ஆளுக்கொரு சிப்பியைப் பானையில் போடுவார்கள். கொட்டைக்குச் சிப்பி குறைந்தால், படகுகளுக்கு உடையவரான சம்மாட்டி தேட ஆள் அனுப்புவார்.

மாணிக்கவேலு பானையோடு நின்றார். பவளம் என்ற பெண் இரண்டு சிப்பி போட்டாள்.

"இன்னொண்ணு யாருக்கும்மா?"

"எங்கட அவருக்கு. பின்னுக்கு வாறார் ஐயா. கட்டாயம் வந்திடுவார்."

அவள் கை தாலியை இறுகப் பிடித்திருந்தது. மாணிக்கவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், அவருக்கு மனசு கேட்கவில்லை.

நீந்திக் கரையேறியிருந்த தோணிக்காரர் மடியை அவிழ்த்தார்; கொட்டையும் சிப்பியும் சரியாக இருந்தன. "எல்லாரும் வந்தாச்சு, படகை மேல ஏத்துங்கப்பா" என்று சம்மாட்டி குரல் கொடுத்தார்.

மடத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த உலகம்மாளிடம் மாணிக்கவேலு நடந்ததைச் சொன்னார். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு அவர் குரலில் இருந்தது.

உலகம்மாள் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினார். தலைவி ஓடி யாரும் பார்த்ததில்லை. மாணிக்கவேலு மூச்சு வாங்கப் பின்னால் போனார்.

உலகம்மாள் பானைக்குள் கைவிட்டு ஒரு சிப்பியை வெளியே எடுத்தார்.

"சம்மாட்டி, ஒரு ஆள் குறையுது."

"ஐயோ, எடுக்காதேங்கோ அம்மா!" பவளம் மணலில் விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "அதை எடுத்தா அவர் இல்லையெண்டு ஆகிடும்!"

உலகம்மாளின் கண் கலங்கியது. குனிந்து அந்தச் சிப்பியை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"வந்து அவரே போடட்டும் தாயி."

மேலே ஏற்றிய படகுகளை ஆட்கள் மறுபடி தண்ணீருக்குத் தள்ளினார்கள். பவளம் எழுந்து இடுப்பளவு நீர்வரை அவற்றின் பின்னாலேயே போனாள்.

மாணிக்கவேலுவுக்கு ஆறவில்லை.

"ஒரே ஒரு சிப்பி அம்மா. அந்தப் பொண்ணு மனசுக்காக விட்டிருக்கக் கூடாதா?"

உலகம்மாள் கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"வந்துட்ட ஆளைத் தேடி யாராவது படகு எடுப்பாங்களா ஐயா?"